மலைப்புகையும் குசினிப்புகையும்

இந்தியத் தருக்க நூல் எதைத் திறந்தாலும் முதலில் எதிர்ப்படுவது ஒரு மலை. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் இருப்பதுபோல. மணிமேகலைக் காப்பியத்தில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் உரைக்கும் 29ஆம் காதையிலும் அதே மலை, அதே புகை, அதே அடுக்களை. புகையும் நெருப்பும் சேர்ந்தே இருப்பதை எவரும் ஐயமின்றிக் கண்ட இடம் சொந்த வீட்டு அடுக்களை என்பதால் அது திட்டாந்தமாக, அதாவது எடுத்துக்காட்டாக, நின்றது. பௌத்தர், நையாயிகர், சைவர் எல்லோரும் நூற்றாண்டுக் கணக்கில் அந்த வாசல்வரை வந்து, புகையைப் பார்த்து, நெருப்பை நிறுவிவிட்டுத் திரும்பிப் போனார்கள். உள்ளே நின்று அந்தப் புகையைக் குடித்தவளைப் பற்றி அந்த வாதத்தில் ஒரு சொல் இல்லை. அவள் தருக்கத்துக்குத் தேவைப்படவில்லை.

அறத்துக்கு அவள் தேவை. வீட்டுக்குள் எழும் புகையை வெளியே அனுப்புவது கொத்தனார் வேலையா, சமயக் கடமையா என்ற கேள்வியை இலங்கையின் மன்னாரில் வைத்துக் கேட்டால் அதற்குத் தனி வலிமை வந்துவிடுகிறது. திருக்கேதீச்சரச் சிவன் கோவிலின் ஓமப்புகை, மடுமாதா கோவிலின் தூபம், எருக்கலம்பிட்டி முஸ்லிம் வீடுகளில் மாலையில் போடும் சாம்பிராணி, மூன்றும் ஒரே மாவட்டத்துக் காற்றில் கலக்கின்றன. மூன்று சமயத்தாரும் நெருப்பையும் நறும்புகையையும் மரியாதையோடு கையாளத் தெரிந்தவர்கள். மூன்று சமயத்தாரின் வீடுகளிலும் குசினி மட்டும் பெரும்பாலும் கரியேறிக் கிடக்கிறது.

மன்னார்த் தீவின் கரையோர ஊரொன்றில் கார்த்திகை மாதத்து விடியலில் ஒரு குசினி எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். வீட்டோடு ஒட்டாமல் பின்பக்கம் தனியாக ஒரு கொட்டில். கிடுகு வேய்ந்த கூரை, இல்லையென்றால் தகரம். மூன்று கல் அடுப்பு. வீட்டுப் பெண் பன்னாடையும் காய்ந்த பனையோலையும் வைத்துத் தீ மூட்டி, கங்குமட்டை செருகி, அதன்மேல் உடைமர விறகை அடுக்குகிறாள். இரவு மழை பெய்திருக்கிறது. விறகின் தோல் ஈரம். தீ எழாமல் புகை எழுகிறது. குனிந்து ஊதுகுழலால் ஊதுகிறாள். புகை முதலில் கூரைக்குப் போகிறது, அங்கே நிறைந்து, மெல்லக் கீழே இறங்கி, நிற்பவளின் நெஞ்சு உயரத்தில் ஒரு படலமாக நின்றுவிடுகிறது. வாசலைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. குளிருக்கு ஒதுங்கிய பிள்ளை அடுப்பங்கரையில் குந்தியிருக்கிறது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் குனிகிறாள்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில்தான் சமைத்தன. அதன் பிறகு எரிவாயு பரவியது. 2021இன் இறுதியில் சிலிண்டர்கள் வெடித்த செய்திகள் நாடெங்கும் பயத்தைக் கிளப்பின. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாயாக ஏறியது; அந்த விலைக்கும் கிடைக்காமல் மக்கள் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் கிடந்தார்கள். எரிவாயுவுக்கு மாறியிருந்த வீடுகள் பல மீண்டும் விறகுக்கு வந்தன. இவற்றில் பல நகரத்து வீடுகள். அவற்றின் குசினி வாயு அடுப்புக்காகக் கட்டப்பட்டது. புகை போக வழியே வைக்கப்படவில்லை. பழைய கொட்டிலைவிட ஆபத்தான நிலை அது.

அதே 2022 ஜூலையில்தான் திருக்கேதீச்சரத்தில் நெடுங்காலத்துக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்தது. யாகசாலைப் பந்தல் போடுகிறவர்கள் குண்டங்களுக்கு மேலே புகை வெளியேறத் திறப்பு விடுவது வழக்கம். அங்கே நாள்கணக்கில் அமர்ந்து ஆகுதி கொடுக்கும் சிவாசாரியார்கள் மூச்சுத் திணறக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தேவர்களுக்கு அவி சுமக்கும் தீக்கு மேல்வழி திறந்து வைக்கத் தெரிந்த சமூகத்துக்கு, மனிதர்களுக்குச் சோறு ஆக்கும் தீக்கும் அதையே செய்யத் தெரியாமல் போவதற்கு நியாயம் ஏதும் இல்லை.

இந்தப் பேச்சை எடுத்தால் மூத்தவர்களிடமிருந்து வரும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: “நாங்கள் எல்லாரும் புகை குடிச்சுத்தானே வளர்ந்தனாங்கள்.” இன்னும் சிலர் தலைவிதி என்பார்கள். விதி என்ற சொல்லைச் சும்மா தள்ளிவிட முடியாது. சைவ சித்தாந்தம் வினையைப் பொருட்படுத்திப் பேசும் தத்துவம். ஆனால் அது வினையை மூன்றாக வகுக்கிறது. குவிந்து கிடப்பது சஞ்சிதம். இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்போது செய்து சேர்த்துக்கொள்வது ஆகாமியம். புகையில் நிற்பவளின் துன்பம் அவளுடைய பிராரத்தம் என்று ஒருவர் சொல்வாரானால், சுவரில் ஒரு துளை போடக்கூடியவர் அதைப் போடாமல் இருப்பது எந்தக் கணக்கில் ஏறும்? அது ஆகாமியம். அவருடைய கணக்கு. விதியைச் சொல்லித் தப்பித்துக்கொள்பவர் அந்தத் தத்துவத்தின் பாதியை மட்டும் படித்தவர்.

உடம்பும் கருவிகளும் உலகமும் உயிர் ஈடேறுவதற்காக இறைவன் அருளால் தந்தவை என்பதும் அதே சித்தாந்தம்தான். உடம்பை இழிவென எண்ணியிருந்து, உள்ளே இறைவன் குடியிருப்பதை உணர்ந்தபின் அதைப் பேணத் தொடங்கியதைத் திருமூலர் சொல்லியிருக்கிறார். நுரையீரல் அந்த உடம்பில் அடங்காதா?

தருக்க நூல்களிடமே திரும்பிப் போனால் இன்னும் தெளிவான விடை கிடைக்கிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. நெருப்பிலிருந்து புகை வர வேண்டுமானால் இடையே ஒரு நிபந்தனை வேண்டும்: ஈர விறகு. நையாயிகர்கள் இதை உபாதி என்பார்கள். அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகத்தைத் தமிழில் தந்தவர் சைவ சித்தாந்தப் பேராசான் மாதவச் சிவஞான முனிவர். ஆகவே ‘அடுப்பென்றால் புகையத்தான் செய்யும்’ என்ற வீட்டுப் பேச்சைச் சைவத் தமிழ் படித்த எவரும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மறுத்திருக்க முடியும். புகை நெருப்பின் இயல்பன்று. ஈரமும், காற்றுப் பற்றாக்குறையும், போக்கிடம் இல்லாமையும் சேர்ந்து உண்டாக்குகிற நிலை அது. மாற்றக்கூடிய நிலை.

குளிர் நாடுகளில் இந்த உபாதியை நீக்குவதற்கென்றே ஓர் எரிபொருள் செய்கிறார்கள். மரத்தூளை உலர்த்தி, அழுத்தி, விரல் பருமனுக்கும் குறைந்த சிறு உருளைகளாக்குகிறார்கள். தரமான உருளையில் ஈரம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பழைய செங்கல் கணப்படுப்பின் உள்ளே இதற்கான இரும்புப் பெட்டியைச் செருகி, மூன்று அல்லது நான்கு அங்குலத் துருப்பிடிக்காத குழாயைப் பழைய புகைக்கூட்டின் வழியாக மேலே கொண்டுபோகிறார்கள். புகையைத் தள்ள உள்ளே மின்விசிறி. விசிறி தள்ளுவதால் குழாயின் பொருத்து எங்கே விலகியிருந்தாலும் அங்கே புகை வீட்டுக்குள் பீறிடும். அதனால் ஒவ்வொரு பொருத்தும் அடைக்கப்பட வேண்டும், மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும், அறையில் காபனோரொட்சைட்டு அறிவிப்பான் மாட்ட வேண்டும். இந்த வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது, கண்ணை எரிக்காது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். அடுப்பு தணல் பூத்துப் புகையாமல் கிடக்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். குளிருக்கென்று தணல் சட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவை அடைப்பது எந்த ஊரிலும் செய்யக்கூடாத காரியம்.

நோர்வேக்குக் குடிபெயர்ந்த தமிழர்கள் இன்னொன்றையும் அங்கே கண்டிருப்பார்கள். வீட்டுப் புகைக்கூட்டைப் பார்வையிடுவதும் கூட்டுவதும் அந்நாட்டில் நகரசபையின் சட்டக் கடமை. அதற்கென்று ஆள் வருவார், கூரையில் ஏறுவார், கரியைத் தட்டுவார். ஒரு வீட்டின் புகை அந்த வீட்டாரின் சொந்த விவகாரம் மட்டுமல்ல என்று ஒரு நாடு முடிவு செய்திருக்கிறது. மன்னாரில் கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார். அவர் குசினியையும் எட்டிப் பார்த்தால் நல்லது.

காற்றைப் பற்றிப் பேசாமல் மன்னாரில் புகையைப் பற்றிப் பேச முடியாது. தீவின் தென்கரையில் 30 விசையாழிகளோடு 103.5 மெகாவாட் கொள்ளளவில் 2020இல் ‘தம்பபவனி’ காற்றாலை எழுந்தது சும்மா அல்ல. வைகாசி தொடங்கிப் புரட்டாசிவரை சோளகம். ஐப்பசிக்குப் பின் வாடை. மனையடி சாஸ்திரம் அடுப்பை அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில் வைக்கச் சொல்கிறது. இதை மன்னாரின் காற்றோடு வைத்துப் பார்த்தால் ஒரு சுவையான உண்மை தெரிகிறது. சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. தென்கிழக்கு மூலைப் புகையை அது வளவுக்கு வெளியே கிழக்குப் பக்கமாகக் கொண்டுபோகிறது. வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. அதே புகையைத் தெற்குப் பக்கமாகத் தள்ளுகிறது. இரண்டு காற்றிலும் வீட்டின் நடுப்பகுதி தப்பிவிடுகிறது. சாஸ்திரம் அதை எண்ணி எழுதப்பட்டதோ இல்லையோ, மன்னார் வளவில் அந்த விதி வேலை செய்கிறது. ஆனால் தப்பியது வீடு. சாமியறையும் விறாந்தையும் படுக்கையறையும் தப்பின. குசினிக்குள் நிற்பவள் எந்த மூலையில் நின்றாலும் தப்பவில்லை. அவளைக் காக்க மூலை போதாது, மேல்வழி வேண்டும்.

அந்த மேல்வழிக்கும் சில நியதிகள் உண்டு. சூடான புகை இலேசானது. உயரமான குழாய் கிடைத்தால் தானே மேலேறும். குழாய் நேராக இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் அதன் இழுவையைக் குறைக்கும். வெளியே போகும் புகைக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். கதவைச் சாத்திவிட்டால் நல்ல புகைக்கூடும் இழுக்காது. கூரையின் சரிவில் பாதியில் குழாய் முடிந்தால் முகட்டைத் தாண்டி விழும் காற்று புகையைத் திருப்பி உள்ளே அடிக்கும். சோளக மாதங்களில் இது நாளாந்தம் நடக்கும். குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்று அடி உயர வேண்டும், பத்து அடித் தூரத்துக்குள் உள்ள எதைவிடவும் இரண்டு அடி மேலே நிற்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் கைக்கொள்ளும் கணக்கு. மன்னாருக்கு அது குறைந்தபட்சம். கிடுகுக் கூரையானால் சூடான குழாயைக் கூரைக்குள் விடவே கூடாது. சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரைக்கு எட்டாத தூரத்தில் நிமிர்த்தி, நுனியில் வலைபோட்ட தொப்பி வைக்க வேண்டும். ஒரு பொறி போதும், கொட்டில் போய்விடும். 1990 ஒக்ரோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக் கிடுகுக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு மெய்யான அறச்சிக்கல் எழுகிறது. புகையை வெளியே அனுப்பிவிட்டால் அது எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்கு. என் வீட்டுப் பெண்ணின் கண் தெளிந்து அயலவளின் கண் எரிந்தால் அது அறமாகுமா? தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்கு எதிர்த்தீங்கும் கூடாது என்ற நபிமொழியை அடியாக வைத்து இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இந்தக் கேள்வியை மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னு அர்ராமி ஒரு கட்டடக் கொத்தர். கட்டடச் சட்டத்தைப் பற்றி நூல் எழுதியவர். ரொட்டிச் சூளையின் புகையும் குளியல் மண்டபத்தின் புகையும் அயலாரை வருத்துவதை அந்த மரபு தீங்கு என்றே எடுத்துக்கொண்டு வழக்காடியது. சுவர் எழுப்பும் கைதான் புகையின் நீதியையும் எழுதியது என்பது மனம் நிறையும் செய்தி. ஆகவே குழாயின் உயரம் வெறும் பொறியியல் அளவன்று. புகை அயல்வீட்டு யன்னலுக்கு மேலாகக் கடந்து, காற்றில் கலந்து மெலிந்துபோகும் உயரத்துக்கு அதை ஏற்றுவது அயலாருக்குச் செலுத்தும் கடன். விறகை மழை படாமல் அடுக்கி உலர்த்துவதும் அதே கடனில் சேரும். காய்ந்த விறகு இரண்டு வீட்டுக்குமே புகையைக் குறைக்கிறது.

கத்தோலிக்க மன்னாருக்கு இதில் தனியான பங்கு ஒன்று உண்டு. 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் மடுத் திருத்தலத்துக்கு வந்தார். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். அதே ஆண்டு மே மாதம் அவர் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் கையொப்பமிட்டார். பொது இல்லமாகிய பூமியைப் பற்றிய அந்த மடலை மரம் நடுவதற்கும் பிளாத்திக்குப் பொறுக்குவதற்கும் மேற்கோள் காட்டுகிறார்கள், நல்லதுதான். ஆனால் அதன் 20ஆம் பத்தியில், சமைக்கவும் வெப்பமூட்டவும் எரிக்கும் பொருள்களின் புகையைச் சுவாசித்து மக்கள் நோயுறுவதை அவர் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார். பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் விடியற்காலையில் நடப்பதைத்தான் அந்த வரி பேசுகிறது. பங்குகளில் அந்தப் பத்தியை உரக்க வாசிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் புகைக்கு ஆதரவான சாட்சியத்தைக் கேட்காமல் விடுவது நேர்மையாகாது. புகை கிடுகில் பூச்சி அண்டாமல் காக்கிறது. அடுப்பின்மேல் கட்டித் தொங்கவிட்ட விதை வண்டு விழாமல் கிடக்கிறது. வேப்பிலைப் புகை நுளம்பை விரட்டுகிறது. மலேரியாவால் நெடுங்காலம் அவதிப்பட்ட மாவட்டத்துக்கு அது சின்ன உதவியன்று. இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட 2016இன் முடிவிலேயே மலேரியா பரப்பும் புதிய நுளம்பு இனம் ஒன்று மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. குளிப்பாட்டிய குழந்தையின் தலைமுடிக்குச் சாம்பிராணி காட்டுவது எத்தனை தலைமுறை அன்பு! ஆயினும் நுளம்புக்கு வலை இருக்கிறது, விதைக்கு மூடியுள்ள தகரப்பேணி இருக்கிறது. குழந்தையின் நெஞ்சுக்கு மாற்று இல்லை. வீட்டுக்குள் எரிபொருள் புகையால் உண்டாகும் மாசு 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேரின் சாவுக்குக் காரணமானதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயதை எட்டாத குழந்தைகள்.

தீர்வு தேடியவர்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள். ஐதராபாத்துப் பொறியியலாளர் எஸ்.பி. ராஜு புகைக்கூடு பொருத்திய மண்ணடுப்பை வடிவமைத்து, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாக் குசினி வேண்டும் என்று 1953இல் நூல் எழுதினார். அதை வெளியிட்டது சென்னையிலிருந்த கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். இலங்கையில் 1980களில் பரவிய ‘அனகி’ மண்ணடுப்பு இரண்டு பாத்திரங்களை ஒரே தீயில் ஏற்றி விறகை மிச்சம் பிடிக்கிறது. ஆனால் அதற்குப் புகைக்கூடு இல்லை. போருக்குப் பின் வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் வீதம் கொடுத்துக் கல்வீடுகள் கட்ட உதவியது. கிடுகிலிருந்து கல்லுக்கு மாறிய அந்த வீடுகள் பெரிய ஆறுதல். அவற்றிலும் பிறகு பின்புறத்தில் ஓலைக் கொட்டில் முளைத்து, அடுப்பு அங்கேயே திரும்பிப் போனதை வன்னிப் பெருநிலத்தில் பரவலாகக் காணலாம்.

ஒடிசாவில் புகைக்கூட்டு அடுப்புகளை வீடுகளுக்குக் கொடுத்து ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு குறையவில்லை. அடுப்பில் வெடிப்பு விழுந்தது, பூசவில்லை. குழாயில் கரி அடைத்தது, தட்டவில்லை. மெல்லப் பழைய அடுப்பே போதும் என்றாகிவிட்டது. பணம் கொடுத்தோர் பலருக்கு இது ஏமாற்றமாகப் பட்டது. சமயத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. விளக்கு ஏற்றுவதை ஒருநாள் செய்து முடித்துவிட முடியாது. நாள்தோறும் திரி மாற்ற வேண்டும், எண்ணெய் வார்க்க வேண்டும், கரி துடைக்க வேண்டும். அதை முகம் சுளிக்காமல் தலைமுறைகளாகச் செய்துவருகிறவர்கள் மன்னார் மக்கள். நித்திய கடமை என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் அடுப்புக் குழாய் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கடமையும் பெண்ணின் தலையில் விழக்கூடாது. அவள் சமைக்கிறாள், ஏணி வைத்து ஏறிக் கரி தட்டுவது வீட்டு ஆணின் வேலையாக இருக்கட்டும்.

மன்னாரில் புதுவீடு புகுகிறவர்கள் பால் காய்ச்சுகிறார்கள், குருவானவரை அழைத்து மந்திரிக்கச் சொல்கிறார்கள், மௌலவியை அழைத்துத் துஆ ஓதுகிறார்கள். ஐயரும் குருவானவரும் மௌலவியும் அந்த வீட்டுக் குசினிக்குள் ஒருமுறை போய், “புகை எந்தப் பக்கத்தால் போகும்?” என்று வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். விடை இல்லையென்றால் அடுத்த கிழமைக்குள் புகைக்குழாய் போட்டுவிடச் சொல்ல வேண்டும். கோவில் பரிபாலன சபைகளும் பங்குச் சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆளுக்கொரு தெருவைப் பொறுப்பெடுத்தால் வசதியற்ற வீடுகளுக்கும் குழாய் வந்துவிடும். ஏற்கெனவே புகைக்கூடு உள்ளவர்கள் வாடை தொடங்குமுன் அதைக் கழற்றிக் கரி தட்டி, தொப்பியைச் சரிபார்த்து, மாரிக்கான விறகைக் கூரைக்குள் அடுக்கிவிடுங்கள்.